புது ஆஸ்பத்திரியில் சேரும்போதே லீவு கேட்பது: நர்சுகள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

பல வருடம் தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு இன்சார்ஜாக இருந்து, மாதம் தவறாமல் டூட்டி ரோஸ்டர் போட்டவள் நான். இப்போது புதிதாகச் சேரும் நர்சுகளுக்கு ஓரியன்டேஷன் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, ஒன்றிரண்டு பேர் கதவோரம் தயங்கி நிற்பார்கள். "அக்கா, ஒண்ணு கேக்கணும்" என்று ஆரம்பித்தால் அது பெரும்பாலும் லீவு விஷயம்தான். அண்ணன் கல்யாணம், ஊர்த் திருவிழா, பரீட்சை, சில சமயம் அவர்களுடைய கல்யாணமே. அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, தமிழ்நாட்டுத் தனியார் ஆஸ்பத்திரி நடைமுறையை வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

"சேரும்போதே லீவு கேட்டால், வேலை செய்ய வந்தவளா, லீவு எடுக்க வந்தவளான்னு நினைக்க மாட்டாங்களா?"

தேதியோடு முன்கூட்டியே சொல்கிற பெண்ணை நான் ஒரு நாளும் தப்பாக நினைத்ததில்லை. இன்சார்ஜைத் திண்டாட வைப்பது, ரோஸ்டர் ஒட்டிய பிறகு வந்து நிற்கும் லீவுதான்.

ரோஸ்டர் எப்படித் தயாராகிறது என்று தெரிந்தால் இது புரியும். கட்டம் போட்ட பெரிய தாள். இடது பக்கம் பெயர்கள், மேலே 1 முதல் 31 வரை தேதிகள். காலை டூட்டிக்கு எம், மதியத்துக்கு ஈ, நைட்டுக்கு என், ஆஃபுக்கு ஓ. முதலில் எல்லாமே பென்சிலில்தான் எழுதுவேன். ஒரு ஓ-வை ஒரு கட்டம் நகர்த்தினால் அந்த வரியோடு நிற்காது. கீழே இன்னொருத்திக்கு நைட் முடித்த அன்றைக்கே மதிய டூட்டி விழும். அதை அழித்தால் வேறொருத்திக்கு ஆஃபே இல்லாமல் பத்து நாள் ஓடும். அப்புறம் பேனாவால் எழுதி, நர்சிங் சூப்பிரண்டண்ட் கையெழுத்து வாங்கி, போர்டில் ஒட்டுவோம். பென்சில் கையில் இருக்கும்போதே உங்கள் தேதி தெரிந்தால், உங்கள் ஓ-வை முதலில் போட்டுவிட்டு மற்ற கட்டங்களை அதைச் சுற்றி நிரப்பிவிடுவேன். ஒட்டிய பிறகு தெரிந்தால், உங்களுக்காக இன்னொருத்தி இரண்டு டூட்டி சேர்த்துப் பார்க்க வேண்டும்.

"இன்டர்வியூவிலேயே சொல்லிடணுமா, ஆர்டர் கைக்கு வந்த பிறகு சொல்லலாமா?"

இரண்டுக்கும் நடுவில் ஒரு சரியான நேரம் இருக்கிறது. உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று சொல்லி, சம்பளம் பேசி, "எப்போ ஜாயின் பண்றீங்க?" என்று கேட்பார்கள். அதுதான் உங்கள் நேரம். அவர்களே தேதியைப் பற்றிப் பேசும்போது நீங்களும் உங்கள் தேதியைச் சொல்லிவிடலாம்.

அதற்கு முன்பே, உங்கள் திறமையைப் பற்றி அவர்கள் ஒன்றும் தெரிந்துகொள்ளாத நிலையில், லீவைப் பற்றிப் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் இன்டர்வியூவில், "அடுத்த மூணு மாசத்துல பெரிய லீவு ஏதாவது இருக்கா?" என்று நேராகக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். இல்லை என்று சொல்லிவிட்டுச் சேர்ந்த இரண்டாவது வாரம் கல்யாணப் பத்திரிகையை நீட்டினால், அதன் பிறகு உங்கள் வார்த்தையை நம்ப மாட்டார்கள்.

"சேர்ந்துட்டு லீவு எடுக்கறதா, இல்ல ஜாயினிங் தேதியையே தள்ளிக் கேக்கறதா?"

விசேஷம் சேர வேண்டிய தேதியிலிருந்து மூன்று வாரத்துக்குள் வந்தால், ஜாயினிங் தேதியைத் தள்ளிக் கேட்பதுதான் என் முதல் யோசனை. லீவு விண்ணப்பம், சம்பளப் பிடித்தம், வார்டில் முணுமுணுப்பு எதுவும் வராது. ஓரியன்டேஷனும் நடுவில் அறுபடாது. முதல் சில வாரங்களில்தான் எமர்ஜென்சி டிராலியில் எது எந்தத் தட்டில் இருக்கிறது என்பது வரை கைக்குப் பழகும். பாதியில் ஒரு வாரம் போய்விட்டு வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவது மாதிரிதான்.

ஒரு எச்சரிக்கை: பழைய இடத்தின் ரிலீவிங் ஆர்டருக்கும் புது ஜாயினிங்குக்கும் நடுவில் சம்பளம் இல்லாத நாட்கள் எத்தனை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கு அந்த நடு நாட்களில் தங்க இடமும் வேண்டும்.

"எச்.ஆர். மேடத்துகிட்ட சொல்லிட்டேன். போதும்தானே?"

போதாது. இதில் நான் நன்றாக அடிபட்டிருக்கிறேன். என் முதல் வேலையில், அண்ணன் கல்யாணம் ஆவணியில் என்று எச்.ஆரில் வாயால் சொன்னேன். "பரவாயில்லை, போயிட்டு வாம்மா" என்றார்கள். ரோஸ்டர் வந்தபோது முகூர்த்த நாளன்று எனக்கு நைட். எச்.ஆருக்கு ஓடினேன், எனக்குச் சரி சொன்னவர் வேலையை விட்டே போயிருந்தார். இன்சார்ஜுக்கு ஒன்றுமே தெரியாது. கடைசியில் ஒரு சீனியர் அக்கா மதிய டூட்டியோடு என் நைட்டையும் சேர்த்துப் பார்த்தார். நான் ஊரிலிருந்து திரும்பிய அன்று, அவர் டூட்டி ரூமில் வீங்கிய கால்களை ஸ்டூல் மேல் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். "கல்யாணம் நல்லா நடந்துச்சா?" என்றுதான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கால்களுக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன்.

ஆகவே மூன்று பேருக்குத் தெரிய வேண்டும்: எச்.ஆர்., நர்சிங் சூப்பிரண்டண்ட், உங்களைப் போடப்போகும் வார்டின் இன்சார்ஜ். எச்.ஆருக்கு எழுத்தில் கொடுங்கள். மற்ற இருவருக்கும் அதையே காட்டுங்கள். ஓரியன்டேஷன் முடிந்து வேறு வார்டுக்கு மாற்றினால் அந்த இன்சார்ஜிடமும் முதல் நாளே சொல்லுங்கள். ஸ்டேஷனில் நூல் கட்டிய பேனாவோடு ஒரு ரிக்வெஸ்ட் நோட்டு இருந்தால் அதிலும் தேதியை எழுதிவிடுங்கள். ரோஸ்டர் போட உட்காரும்போது இன்சார்ஜ் முதலில் திறப்பது அதைத்தான்.

"என்ன வார்த்தையில கேக்கறது? எனக்கு எழுதவே வரலை."

சுருக்கமாக எழுதுங்கள். ஆங்கிலத்தில் மெயில் அனுப்பினாலும் விஷயம் இவ்வளவுதான்:

"ஸ்டாஃப் நர்ஸ் பணிக்கு என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி. ஆகஸ்ட் 10 அன்று சேர்கிறேன். என் தங்கையின் திருமணம் முன்பே நிச்சயமாகியிருப்பதால் செப்டம்பர் 12 முதல் 15 வரை நான்கு நாள் விடுப்பு தேவைப்படுகிறது. 16-ஆம் தேதி டூட்டிக்கு வந்துவிடுவேன். சம்பளமில்லா விடுப்பாக இருந்தாலும் சம்மதம். இதை உறுதி செய்து பதில் அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்."

போகும் தேதி, திரும்பும் தேதி, ஒரு வரியில் காரணம், பதில் கேட்கும் கடைசி வரி. இந்தக் கடைசி வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பதில் வராத மெயில் அனுமதி ஆகாது. போனில் "சரிம்மா" என்றால், "நீங்கள் போனில் சொன்னபடி 12 முதல் 15 வரை" என்று அன்றைக்கே ஒரு மெசேஜ் போட்டு வையுங்கள். பெரிய கதையும் கெஞ்சலும் வேண்டாம்.

"எத்தனை நாள் வரைக்கும் கேக்கலாம்?"

கூடப்பிறந்தவர்கள் கல்யாணத்துக்கு மூன்று நான்கு நாள், பரீட்சைக்கு பயணத்தோடு இரண்டு நாள், சொந்தக் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் என்றால் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். பெரியப்பா பேரனுக்குக் காது குத்து என்றால் அந்த ஒரு நாளோடு வார ஆஃபைச் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள்.

நைட்டையும் கணக்கில் கொள்ளுங்கள். தொடர்ச்சியாக நைட் பார்த்தால் பின்னால் நைட் ஆஃப் கிடைக்கும். "எனக்கு நைட் செட்டை ஊருக்குப் போறதுக்கு முந்தின வாரம் போடுங்க சிஸ்டர்" என்று கேட்டால், நைட் ஆஃபும் வார ஆஃபும் சேர்ந்து, நான்கு நாள் பயணத்துக்கு ஒரு நாள் லீவே போதுமானதாகிவிடலாம். நைட்டை விரும்பிக் கேட்கும் ஆளுக்கு இல்லை என்று சொல்லும் இன்சார்ஜை நான் பார்த்ததில்லை.

"சம்பளம் பிடிப்பாங்களா?"

பெரும்பாலும் பிடிப்பார்கள். புரொபேஷன் (தகுதிகாண்) காலத்தில் சி.எல். என்ற தற்செயல் விடுப்பு கிடையாது, அல்லது மாதத்துக்கு ஒன்றுதான் என்பது பல இடங்களில் வழக்கம். மீதி லாஸ் ஆஃப் பே, அதாவது சம்பளமில்லா விடுப்பு. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் லீவு பற்றிய பத்தியைக் கையெழுத்து போடுவதற்கு முன் படியுங்கள். இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: லீவுக்கு நடுவில் வரும் வார ஆஃபுக்கும் பிடிப்பார்களா, சம்பளமில்லா நாட்கள் அளவுக்குப் புரொபேஷன் நீளுமா.

"எனக்கே கல்யாணம் நிச்சயம் ஆகியிருக்கு. சொன்னா எடுக்க மாட்டாங்கன்னு அம்மா சொல்றாங்க."

அம்மாவின் பயத்தில் உண்மை இல்லாமல் இல்லை. "கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை ஊருக்குப் போயிடுவா" என்ற கணக்கு பல எச்.ஆர். அறைகளில் ஓடும். ஆண் நர்சிடம் இதைக் கேட்பதில்லை. பெண்ணிடம் மட்டும் கேட்பது அநியாயம். ஆனாலும் மறைக்காதீர்கள். லீவு கேட்கும்போதே அவர்கள் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லிவிடுங்கள்: "கல்யாணத்துக்கு அப்புறமும் இதே ஊர்லதான் இருப்பேன், வேலையைத் தொடர்வேன்." உண்மையாக இருந்தால் மட்டும் இதைச் சொல்லுங்கள். வேறு ஊருக்குப் போவது உறுதி என்றால், இத்தனை காலம் வேலையை விடமாட்டேன் என்ற பாண்டில் கையெழுத்து போட்டுவிட்டு மாட்டிக்கொள்வதைவிட, கல்யாணம் முடிந்து அங்கேயே வேலை தேடுவது நல்லது.

நலங்கு, முகூர்த்தம், மறுவீடு எல்லாம் சேர்த்து ஒரே தவணையாகக் கேளுங்கள். முதலில் ஐந்து நாள் கேட்டுவிட்டு, மண்டபத்திலிருந்து போன் போட்டு இன்னும் மூன்று நாள் என்று நீட்டினால், அடுத்த முறை வார்டில் யாருக்குமே கேட்ட லீவு கிடைக்காது.

"தேதி இன்னும் குறிக்கலை. ஆனா தை மாசம்னு பேசிட்டாங்க. இப்பவே சொல்லணுமா?"

சொல்லுங்கள், ஆனால் லீவாகக் கேட்காதீர்கள். "தை மாதத்தில் ஒரு வாரம் தேவைப்படும், தேதி முடிவானதும் எழுதித் தருகிறேன்" என்றால் போதும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் வைக்காததால் ஆவணி, தை வந்ததும் வார்டில் எல்லோர் வீட்டிலும் ஏதாவது ஒரு விசேஷம் இருக்கும். நாள் குறித்த அன்றைக்கே தேதியைக் கொடுப்பவர்களுக்குத்தான் முதலில் கிடைக்கும். பத்திரிகை அச்சாகட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

"தீபாவளிக்கு வீட்டுக்குப் போகணும்னு சேரும்போதே கேக்கலாமா?"

இதற்கு மட்டும் கேட்காதீர்கள் என்பதுதான் என் பதில். தீபாவளியன்று பட்டாசுக் காயத்தோடு கேஷுவாலிட்டிக்கு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். இருக்கிற எல்லோரும் அதே நாளைத்தான் கேட்பார்கள், போன வருடம் டூட்டி பார்த்தவர்களுக்கு இந்த வருடம் முன்னுரிமை. புதிதாக வந்தவர் அந்த வரிசையில் முந்தக் கூடாது. "தீபாவளிக்கு நான் இருக்கேன், பொங்கலுக்கு ரெண்டு நாள் தாங்க" என்று பேசினால் நடக்கும். கிறிஸ்துமஸ், ரம்ஜான் கொண்டாடுபவர்கள் தீபாவளி டூட்டியைத் தாங்களே ஏற்றுக்கொண்டு தங்கள் பண்டிகைக்கு மாற்றிக்கொள்ளும் பழக்கம் எங்கள் வார்டில் இருந்தது. எனக்குப் பிடித்த ஏற்பாடு அது.

"நான் ஆண் நர்ஸ். கார்த்திகையில மாலை போடணும். மலைக்குப் போக மூணு நாள் கேட்டா போதுமா?"

மூன்று நாள் லீவு எளிது, தம்பி. 41 நாள் விரதத்தைப் பற்றித்தான் யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை. தாடி, கறுப்பு வேட்டி, செருப்பில்லாத கால் மூன்றும் யூனிஃபார்ம் விதியோடு முட்டும். ஐ.சி.யூவிலும் ஆபரேஷன் தியேட்டரிலும் வெறுங்காலோடு நிற்க விடமாட்டார்கள். ஊசி விழும், ரத்தம் சிந்தும் தரை அது. தாடி இருந்தால் என்-95 மாஸ்க் முகத்தோடு ஒட்டாது. கார்த்திகை முதல் தேதிக்கு ஒரு மாதம் முன்பே இன்சார்ஜிடம் பேசுங்கள். டூட்டி நேரத்தில் மட்டும் ஷூ போட்டுக்கொள்ள உங்கள் குருசாமியிடமும் கேளுங்கள். அப்படிக் கேட்டுச் சம்மதம் வாங்கிய பிரதர்களை எனக்குத் தெரியும்.

"நார்செட், எம்.ஆர்.பி., ஓ.இ.டி. பரீட்சைக்கு லீவு வேணும். காரணம் சொன்னா, வேலையை விடப்போறேன்னு தெரிஞ்சிடுமே?"

எய்ம்ஸ் நடத்தும் நர்சு வேலைத் தேர்வான நார்செட்டும், தமிழக அரசு மருத்துவப் பணிக்கு ஆள் எடுக்கும் எம்.ஆர்.பி. தேர்வும், வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யும் நர்சுகள் எழுதுவது எல்லா இன்சார்ஜுக்கும் தெரியும். அவர்களில் பலரும் எழுதியவர்கள்தான். "சொந்த வேலை" என்று மட்டும் எழுத உங்களுக்கு உரிமை உண்டு. பொய் வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள். பாட்டி செத்துவிட்டார் என்று சொல்லிவிட்டுப் போய், அதே தேர்வு மையத்தில் பக்கத்து வார்டு நர்சைச் சந்தித்தவர்கள் உண்டு.

தேர்வுத் தேதி அறிவிப்பு வந்ததுமே அந்த நாளைக் கேட்டுவிடுங்கள். ஹால் டிக்கெட் வரும் வரை காத்திருந்தால் ரோஸ்டர் ஒட்டியிருப்பார்கள். மையம் வேறு ஊரில் விழலாம் என்பதால் முந்தின நாளையும் சேர்த்துக் கேளுங்கள். நைட் முடித்துவிட்டு அப்படியே பரீட்சைக்குப் போவதை மட்டும் செய்யாதீர்கள்.

"நாலு மாசம் கர்ப்பம். புது வேலை கிடைச்சிருக்கு. இதைச் சொல்லணுமா? பிரசவ லீவு கிடைக்குமா?"

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பிரசவம் எதிர்பார்க்கும் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த நிறுவனத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு உண்டு. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2017 திருத்தப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் 80 நாளும் 26 வாரமும் அப்படியே இருக்கின்றன. ஐந்தாம் மாதத் தொடக்கத்தில் சேர்ந்தால் 80 நாள் நிறைவதற்கு நேரம் இருக்கிறது. ஆனால் இடையில் சம்பளமில்லா லீவு எடுத்தால் அந்த நாட்கள் எண்ணிக்கையில் வராது. காலண்டரில் எண்ணிக்கொண்டே வாருங்கள்.

இன்டர்வியூவில் சொல்ல வேண்டியதில்லை. சேர்ந்ததும் இன்சார்ஜிடம் சொல்லிவிடுங்கள், இது லீவுக்காக மட்டும் இல்லை. எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் நிற்பது, கீமோ மருந்து கலப்பது, கனமான நோயாளியைத் தூக்குவது இவற்றிலிருந்து உங்களை ஒதுக்கி வைக்க அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"எனக்கு ஆபரேஷன் தேதி கொடுத்திருக்காங்க. இ.எஸ்.ஐ. பணம் வருமா?"

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் பிடிப்பார்கள். சிகிச்சை வசதி ஆரம்பத்திலேயே உண்டு. லீவு நாட்களுக்கு வரும் நோய்க்காலப் பணத்துக்கு, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பங்களிப்பு இருக்க வேண்டும். முதல் முறை இ.எஸ்.ஐ.க்குள் வருபவருக்கு இந்தப் பணம் கிடைக்க ஒன்பது மாதம் ஆகிவிடும். பழைய ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே இ.எஸ்.ஐ. எண் இருந்தால் அதையே புது இடத்தில் கொடுங்கள். அவர்களைப் புது எண் போட அனுமதித்துவிட்டால் பழைய பங்களிப்பு இதோடு சேராமல் நின்றுவிடும்.

"அரசு வேலையிலும் இப்படித்தானா?"

இல்லை. அங்கே லீவு விதி எழுத்தில் இருக்கும். நிரந்தரப் பணியாளருக்கு வருடத்துக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு. தகுதிகாண் பருவத்தை மூன்று வருடத்துக்குள் இரண்டு வருடப் பணியாக முடிக்க வேண்டும் என்பதால், நீண்ட லீவு எடுத்தால் அது தள்ளிப்போகும். தொகுப்பூதியத்தில் சேருபவர்கள் தங்கள் நியமன ஆணையில் உள்ளதைத்தான் பார்க்க வேண்டும்.

"சேரும்போது சரின்னாங்க. இப்போ ஆள் இல்லை, போகக் கூடாதுன்னு சொல்றாங்க. என்ன செய்ய?"

மேலே சொன்ன பதில் மெயில் இப்போதுதான் கைகொடுக்கும். கோபப்படாமல் அதை அச்செடுத்து முதலில் இன்சார்ஜிடமும், அப்புறம் நர்சிங் சூப்பிரண்டண்டிடமும் காட்டுங்கள். கூடவே ஒரு வழியும் கொண்டுபோங்கள்: "13-ஆம் தேதி மதிய டூட்டியை இன்ன சிஸ்டர் பார்க்கிறாங்க, அவங்களுக்கு 20-ஆம் தேதி நான் பார்க்கறேன்." அந்த சிஸ்டரிடம் முன்பே கேட்டிருக்க வேண்டும். ரோஸ்டரில் மாற்றிக் கையெழுத்து வாங்காமல் வாய்ப்பேச்சில் டூட்டி மாற்றாதீர்கள்.

அப்படியும் மறுத்தால், சொல்லாமல் போய்விடாதீர்கள். ஆப்ஸ்காண்டிங் என்று பதிவானால் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்டுக்கு அலைய வேண்டி வரும். வெளிநாடு போக அந்தத் தாள் கட்டாயம் தேவை. சொந்தக் கல்யாணத்துக்கே எழுத்தில் கொடுத்த அனுமதியை ரத்து செய்கிற இடம் என்றால், முறையாக நோட்டீஸ் கொடுத்துவிட்டு வெளியே வருவதில் தப்பில்லை என்பேன்.

"லீவு முடிஞ்சு என்னைக்கு டூட்டிக்கு வர்றதா சொல்றது?"

தென்காசியிலிருந்து ஞாயிறு ராத்திரி பஸ் ஏறி, திங்கள் காலை ஏழரை டூட்டிக்கு வந்துவிடலாம் என்று எழுதித் தராதீர்கள். முகூர்த்த நாள் முடிந்த ராத்திரியில் பஸ் நேரத்துக்கு வந்து சேராது. வந்தாலும் தூங்காத கண்ணோடு இன்சுலின் அளவு பார்க்க வேண்டியிருக்கும். திரும்பும் நாளுக்கு மதிய டூட்டி கேளுங்கள். காலை டூட்டியே விழுந்து, பஸ்ஸும் தாமதமானால் எட்டு மணி வரை காத்திருக்காமல், தாமதம் என்று தெரிந்த உடனேயே, அது விடிகாலை ஐந்து மணியாக இருந்தாலும், வார்டுக்குப் போன் போடுங்கள். நைட் பார்த்த சிஸ்டர் ஹேண்ட் ஓவர் கொடுக்க உங்களுக்காகத்தான் காத்திருப்பார்.